உள்ளே இருப்பவரைக் கூப்பிடப் போனோம்

எங்கள் ஊரில் ஓமன் என்று யாரும் சொல்வதில்லை, மஸ்கட் என்பார்கள். சலாலாவில் ஹோட்டல் வேலை பார்ப்பவனும் மஸ்கட்டில்தான் இருக்கிறான், நடுப் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்து கேம்ப்பில் தூங்குபவனும் மஸ்கட்டில்தான் இருக்கிறான். அந்தக் கணக்குப்படி என் அப்பாவும் மஸ்கட்டில் இறந்தவர். சின்ன வயதிலிருந்து அப்படியே கேட்டு வளர்ந்ததால் அதை நான் ஒருநாளும் துருவிப் பார்த்ததில்லை. துருவியிருந்தால் அம்மா தப்பான மலையைப் பார்த்து நின்றிருக்க மாட்டாள்.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். பூமிக்கு அடியில் வேலை செய்வது அங்கே பரம்பரைச் சொத்து மாதிரி. தங்கம் குறைந்து, சுரங்கத்தை எப்போது மூடுவார்களோ என்ற பேச்சு கிளம்பிய காலத்தில், வளைகுடாவில் ஒரு செம்புச் சுரங்கத்துக்கு அண்டர்கிரவுண்ட் அனுபவம் உள்ள ஆட்கள் வேண்டும் என்று ஒரு ஏஜெண்ட் வந்திருக்கிறார். "தங்கத்த வுட்டுட்டு செம்புக்குப் போறான் பாரு" என்று லைன் முழுக்கக் கேலி செய்தார்களாம். லைன் என்றால் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். அப்பா சிரித்துக்கொண்டே கிளம்பியிருக்கிறார். அப்போது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். பிறந்த பிறகு ஸ்டூடியோவில் படமெடுத்து அனுப்பினார்கள், அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுவரை தெரியும். முதல் லீவுக்கு வருவதற்கு முன்பே சுரங்கத்துக்குள் பாறை சரிந்து விழுந்துவிட்டது.

பெட்டி மெட்ராஸ்வரை விமானத்தில் வந்தது. கூட ஆள் யாரும் வரவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். சாவை அவள் எப்படியோ ஏற்றுக்கொண்டுவிட்டாள். அவரைத் தனியாக அனுப்பிவைத்ததை ஏற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. சுரங்கத்துக்குள் ஒருவர் இறந்தால், உடம்பு மேலே வந்துவிட்டதால் மட்டும் ஆள் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. சொந்தத்தில் ஒருவர் ஷாஃப்ட்டின் வாயில், அதாவது ஆட்கள் இறங்கும் ஆழ்குழியின் விளிம்பில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஷிஃப்ட் முடிந்துவிட்டது, மேலே வா என்று சொல்ல வேண்டும். அதோடு விட்டுவிடக் கூடாது. வீடு போய்ச் சேரும்வரை வழியைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்: இதோ பள்ளிக்கூடம் தாண்டறோம், இதோ பாலம் வருது, பார்த்து வா என்று. ஒரு திருப்பத்தில் சொல்ல மறந்தாலும் அவர் அங்கேயே நின்றுவிடுவாராம், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல். அப்பாவுக்கு இதையெல்லாம் யாரும் செய்யவில்லை. அவரோடு வேலை செய்த ஒருவர் பிறகு லீவில் வந்தபோது, "நாங்க கூப்டோம் தங்கச்சி" என்று சொல்லியிருக்கிறார். அதைக் காபி டம்ளரைப் பார்த்துச் சொன்னார், என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அதனால் நான் நம்பவில்லை என்பாள் அம்மா.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் மஸ்கட்டுக்கே வந்தேன். நிஜமான மஸ்கட். கணவருக்கு அங்கே வேலை, ரூவி என்ற பகுதியில் மூன்றாவது மாடியில் வீடு. அம்மா முதல் தடவை வந்தபோது, தினமும் சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். சுற்றிலும் மொட்டை மலைகள். துணி காய்ந்ததா என்று பார்க்கிறாள், காற்று வாங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த மலைகளைப் பார்த்து அவள் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

தெரிந்த விதம் இதுதான். கணவருக்கு சோஹார் துறைமுகத்துக்கு மாற்றலாகி, மஸ்கட்டிலிருந்து வடக்கே கடலோரமாக அந்த ஊருக்கு வந்தோம். எனக்கு ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை கிடைத்தது. அங்கே என் பக்கத்து மேசைக்காரி ஓமானியப் பெண். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தன் அப்பா மலைப்பக்கம் ஒரு செம்புச் சுரங்கத்தில் டிரைவராக இருந்தவர் என்றாள். அந்தச் சுரங்கம் மூடி எவ்வளவோ காலமாகிறதாம். அப்பாவுக்குக் கொஞ்சம் தமிழ் வரும், கோலார்க்காரர்கள் கற்றுக்கொடுத்தது என்று சிரித்தாள். எனக்குக் கையில் இருந்த சப்பாத்தி வாய்க்குப் போகவில்லை. நான்கு வருஷமாக அந்த மலையைப் பார்த்தபடிதான் தினமும் ஆபீசுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே அம்மாவுக்கு போன் செய்தேன்.

"மஸ்கட்னு சொன்னியேம்மா?"

"மஸ்கட்டுதானே?"

"இது சோஹார். மஸ்கட்லேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆவும்."

மெதுவாகச் சொன்னாள், "அப்ப நான் மாடில நின்னு கூப்ட்டது வேற மலையா? அவரு இன்னும் உள்ளதான் கீறாரு."

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இந்த விஷயத்தில் எப்போதுமே வரும். அப்பா என்பவர் எனக்கு ஒரு போட்டோ. அந்தப் போட்டோவுக்காக அம்மா தன் வாழ்க்கையைப் பாதியில் நிறுத்திவைத்துக்கொண்டாள் என்பது என் எண்ணம். செத்தவர் ஊர் தெரியாமல் நிற்பாராம், அவருக்கு ரூட் சொல்ல வேண்டுமாம் என்று கணவரிடம் கத்தினேன். அவர் நல்ல மனுஷர், அம்மாவை வரவழைக்க விசாவுக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டார்.

விசாவுக்கு விவரம் கேட்கும்போது ஒரு தொல்லை எப்போதும் வரும். அம்மா அப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டாள். புருஷன் பெயர் என்ன என்று கவுண்ட்டரில் கேட்டால் ரேஷன் கார்டை நீட்டுவாள். அந்தப் பெயரில் ஒரு சாமியும் உண்டு. அந்தச் சாமியையே "மலைமேல கீறவரு" என்றுதான் கும்பிடுவாள். எதிர்வீட்டுப் பையனுக்கும் அதே பெயர், அவன் இருபது வயதாகியும் அவளுக்கு "அந்தப் புள்ள"தான். நானும் இதில் அவர் பெயரை எழுதப்போவதில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியும்.

ஏப்ரலில் வந்தாள். வெள்ளிக்கிழமை போகலாம், நானும் வண்டி ஓட்ட வருகிறேன் என்றார் கணவர். அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "மாப்பிள்ள வேணாம்டி" என்றாள்.

"ஏன்?"

"அவுரு எதுர்ல நான் எப்புடி அவர கூப்புடறது?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அறுபது வயது தாண்டியவளுக்கு வெட்கம். எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகளை அவள் அப்பாவிடம் வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவும் நானும் மட்டும் போவதென்று முடிவாயிற்று.

காலையில் அம்மா அரக்கு நிறத்தில் நல்ல புடவை கட்டி, பவுடர் போட்டு நின்றாள். மலைக்குப் போகிறோம், சாதாரணமாகக் கட்டிக்கொள்ளக் கூடாதா என்றேன். "எழவுக்கா போறோம்? கூட்டிக்கினு வரப் போறோம்" என்றாள். புளிச்சாதம் பொட்டலம் கட்டியிருந்தாள். மூன்று பொட்டலம். மூன்றாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கடலோரச் சாலையை விட்டு மலைப்பக்கம் திரும்பியதும் மரமெல்லாம் குறைந்து, வறண்ட ஆற்றுப்படுகைகள் வந்துகொண்டே இருந்தன. பெரிய சாலையிலிருந்து பிரிந்த கிளைச்சாலையில் தார் பெயர்ந்துபோய்ச் சரளைதான் மிச்சம். முதலில் தெரிந்தது கறுப்புக் கழிவு மேடு, ஒரு சின்ன மலை உயரத்துக்கு. பிறகு பாறைகளில் பச்சையும் நீலமுமாகக் கறை. பெல்ட் அறுந்த கன்வேயர் ஒன்று அந்தரத்தில் நின்றது. கூரை போன கேம்ப் அறைகள் வரிசையாக நின்றன, ஒவ்வொரு சுவரிலும் ஏ.சி. வைத்திருந்த சதுர ஓட்டை. எங்கள் லைன் வீடுகளைத்தான் யாரோ இங்கே தூக்கிவந்து போட்டதுபோல இருந்தது. அம்மா கண்ணாடியை இறக்கி, அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி வந்தாள். இதில் எதில் படுத்திருப்பார் என்று தேடுகிறாள் என்று புரிந்தது. நான் வண்டியை மெதுவாக்கினேன்.

கம்பிவேலிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளேயிருந்து வாட்ச்மேன் வந்தார், வெள்ளைத் தாடி வைத்த ஓமானியர். இந்தியர்களைப் பார்த்ததும் அரபி கலந்த இந்தியில் ஆரம்பித்தார்.

"மம்னூ, சிஸ்டர். மைன் கலாஸ். குச் நஹி ஹை."

உள்ளே போகத் தடை, சுரங்கம் முடிந்துபோனது, ஒன்றும் இல்லை என்கிறார். ஒன்றும் இல்லைதான். அனுமதியும் இல்லைதான். எனக்கு வழக்கமான கோபம் வந்தது, அதற்குத் தோதான இந்தி வரவில்லை. அதற்குள் அம்மா இறங்கிவந்துவிட்டாள். அவள் கையால் தன்னைக் காட்டி, பிறகு தரைக்குக் கீழே காட்டி, பிறகு விரலில் மோதிரம் போடுவதுபோலக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். "இன் கா ஆத்மி. இதர் மர் கயா" என்றேன். இவள் புருஷன், இங்கே இறந்தவர்.

அவர் தலையிலிருந்த குல்லாவைச் சரிசெய்துகொண்டார். "அல்லா யர்ஹமூ", இறைவன் அவருக்கு இரங்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார்.

ஷாஃப்ட்டின் வாயைக் கான்கிரீட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். நான் பயந்தது இதைத்தான். வாயே இல்லாத இடத்தில் எங்கே நின்று கூப்பிடுவது? அம்மா அந்தப் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நடுவில் ஒரு துருப்பிடித்த குழாய் இடுப்புயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது, காற்றுப் போக விட்டிருப்பார்கள். அம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

"தொட்டுப் பாருடி. சில்லுனு வருது."

வைத்துப் பார்த்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. குழாயிலிருந்து ஈரமாக, குளிர்ச்சியாக ஒரு காற்று விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் வளர்ந்த எனக்கு அந்த வாசனை தெரியும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் சட்டையில் அது இருக்கும். அப்பாவைப் பற்றி எனக்கென்று எதுவுமே கிடையாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நீ கூப்புடு" என்றாள் அம்மா. "பேர் சொல்லித்தான் கூப்புடணும். என்னால முடியாது."

இதற்காகத்தான் என்னைக் கூட்டிவந்திருக்கிறாள். நான் குழாய் பக்கம் குனிந்து, பாஸ்போர்ட்டில் இருந்ததுபோல இனிஷியலோடு முழுப் பெயரையும் சொன்னேன். ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்றும் சொன்னேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆஸ்பத்திரில சீட்டு கூப்புடறாப்புல கூப்புடறியே. அதுக்கு எவன் வருவான்?"

"வேற எப்படிக் கூப்பிடறது? எனக்கு அவரைப் பழக்கமா?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே உறைத்தது. அம்மா புடவைத் தலைப்பை எடுத்து என் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "செரி, நீ அந்தாண்ட போ. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வாட்ச்மேன் ஏற்கெனவே அப்பால் போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னாங்க."

அவ்வளவுதான் காதில் விழுந்தது. பெயரில்லை. அடுப்படியிலிருந்து உள்ளறைக்குக் கூப்பிடுகிற மாதிரி ஒரு கூப்பாடு. அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திவிட்டாள். நெடுநேரம் பேசினாள். நடுவில் ஒருதடவை சிரித்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாதென்று நின்றேன், ஆனாலும் ஒருமுறை பார்த்துவிட்டேன். குழாயின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறுகையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த அம்மா அதிகம் பேசாதவள்.

திரும்பி வரும்போது மெதுவாக நடந்தாள். இரண்டடிக்கு ஒருமுறை நின்று, யாரோ செருப்பு மாட்டிக்கொண்டு வரட்டும் என்பதுபோலப் பின்னால் பார்த்தாள். வாட்ச்மேன் கதவை அகலமாகத் திறந்துவைத்துக் காத்திருந்தார். அவர் கையில் அம்மா ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். தன் பங்கைக் கொடுத்தாள் என்று நினைக்கிறேன். வண்டியில் பின்கதவை அவளே திறந்தாள். திறந்து, கொஞ்சம் பொறுத்து, மூடினாள். பிறகு சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்த் தான் ஏறினாள். முன்சீட் காலியாகக் கிடந்தது. வேறு சமயமாக இருந்தால் நான் என்ன உன் டிரைவரா என்று கேட்டிருப்பேன்.

"சரளைக் கல்லு, வண்டி ஆடும், கம்பிய புடிச்சுக்கோங்க" என்று ஆரம்பித்தாள். "ஓட்றது உங்க பொண்ணுதான். கொஞ்சம் வேகமா ஓட்டுவா, பயந்துக்காதீங்க. கோவமும் ஜாஸ்தி. உங்க அம்மா மாதிரி."

பிறகு பெரிய சாலை. வளைவு வந்தால் சொன்னாள், ஒட்டகம் குறுக்கே நின்றால் சொன்னாள், பெட்ரோல் பங்க் வந்தபோது அதையும் சொன்னாள். நடுநடுவே விட்டுப்போன கதைகள். அவர் தம்பிக்குக் கல்யாணமானது, தங்கவயல் சுரங்கம் மூடியது, லைனில் பாதிப்பேர் வேலைக்கு தினமும் ரயிலேறி பெங்களூர் போய் வருவது. "உங்க பேத்தி இங்கிலீஷ்லதான் பேசுவா, ஆனா புரியும்." ஊர்வரை இப்படிச் சொல்லிக்கொண்டே போகப்போகிறாள் என்று புரிந்தது. ஏர்போர்ட், விமானம், சென்னை, ரயில். எல்லாத் திருப்பமும். விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஊர் நெருங்க நெருங்க அவள் பேச்சில் இடைவெளி விழ ஆரம்பித்தது. முந்தின ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள், வெயில் வேறு. கண்ணாடியில் பார்த்தேன். தலை ஜன்னலில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கையைப் பக்கத்துச் சீட்டின்மேல் வைத்திருந்தாள். நான் பார்த்துப் பழகிய முகம்தான், ஆனால் அதில் எப்போதும் இருக்கும் ஒரு இறுக்கம் இல்லை. இத்தனை வருஷமும் ஒரு ஆளுக்காகக் காத்திருந்த முகத்தைத்தான் அம்மாவின் முகம் என்று நினைத்திருக்கிறேன்.

முன்னால் வறண்ட ஆற்றின் மேல் பாலம் தெரிந்தது. அதைத் தாண்டியதும் ரவுண்டானா, அதில் நான்கு பக்கமும் சாலை.

"அம்மா" என்றேன். எழுந்திருக்கவில்லை. இன்னொருமுறை சத்தமாகக் கூப்பிடலாம். அந்தத் தூக்கத்தைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. பாலம் கிட்டே வந்துகொண்டிருந்தது. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் யாரும் சொல்லாமல் அந்தப் பாலத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. பின்சீட்டில் ஒருவர் வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

பெயரைச் சொல்லலாமா என்று பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் மகள் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும் சொல் ஒன்று உண்டு, ஷூ லேஸ் கட்டவும் லைட்டைப் போடவும். நான் அதை யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. வாயைத் திறந்தபோது குரல் என்னுடையதாக இல்லை.

"அப்பா" என்றேன். "பாலம் வருதுப்பா. தாண்டினதும் ரைட்ல திரும்பணும். வீடு கிட்டதான்."

வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.